பழைய மவுண்டன் பைக்: ஏக்கமா, நிஜத் தரமா?

மேட்டுப்பாதை:

நண்பர்களுக்கு வணக்கம். 1991 மாடல் எஃகு மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வரும்போல் இருக்கிறது. விவரம்: டேங்கே பிரெஸ்டீஜ் குழாய், சஸ்பென்ஷன் இல்லாத எஃகு ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), ஷிமானோ டியோர் எக்ஸ்டி 7 கியர், தம்ப் ஷிஃப்டர் (கட்டைவிரலால் தள்ளும் கியர் லீவர்), கேன்டிலீவர் பிரேக் (குறுக்கு வயர் இழுக்கும் ரிம் பிரேக்), 26 அங்குல வீல், பின்பக்கம் 135 மி.மீ. இடைவெளி, 1⅛ அங்குல மரை ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்). ஓட்டப்போவது காட்டுத் தடம், சரளைப் பாதை, இடையிடையே பாறையும் வேருமாக இருக்கும் இறக்கம்.

"அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா" என்று ஒரு சாரார். "எல்லாம் பழைய ஞாபகம், ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினால் தெளிந்துவிடும்" என்று இன்னொரு சாரார். எந்தப் பாகத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்றுதான் இரண்டு பக்கமும் பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே மூன்று கேள்விகள்:

எதெல்லாம் உண்மையிலேயே தரம், எதெல்லாம் வெறும் ஏக்கம்? வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்? முன்னால் ஒரு சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டால் சரிப்படுமா?

கோன்ஸ்பேனர்:

பிரித்துத்தான் பேச வேண்டும். முழு வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துவதால்தான் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை.

இன்று கண்ணில் படும் பழைய வண்டிகளை வைத்து அந்தக் காலத்தை எடைபோடாதீர்கள். அப்போதும் ஹை-டென்சைல் எஃகுச் சட்டம், தகட்டில் வெட்டிய டிராப்அவுட் (ஆக்ஸில் உட்காரும் பிளவு), எஃகு ரிம் என்று கனமான மவுண்டன் பைக்குகள் ஏராளமாக விற்றன. அவையெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. பத்திரமாகத் தங்கியது மேல்தட்டுச் சாமான் மட்டும். அதை எடுத்து இன்றைய கீழ்த்தட்டு வண்டியோடு ஒப்பிட்டால் பழையது ஜெயிக்காமல் என்ன செய்யும்?

உங்களுடையது எந்தத் தட்டு என்பதை ஸ்டிக்கரிடம் கேட்காதீர்கள், சீட்டைத் தாங்கும் சீட்போஸ்ட்டின் விட்டத்தைப் பாருங்கள். வெளிவிட்டம் 28.6 மி.மீ. உள்ள சீட் குழாயில் 26.8 அல்லது 27.2 மி.மீ. போஸ்ட் நுழைந்தால் குழாய்ச் சுவர் மெல்லியது, நல்ல குரோமோலி (குரோம்-மாலிப்டினம் எஃகு) என்று நம்பலாம். 25.4, 25.8 என்றால் சுவர் தடிமன், சாதாரண எஃகு. இரண்டுக்கும் நடுவில் 26.2, 26.4 வருவதும் உண்டு. அது நடுத்தரம். மறுவண்ணம் அடித்து ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளில் இந்த ஒரு அளவே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தரத்துக்கு வருகிறேன்.

சட்டம் நிஜமாகவே நல்லது. பிரெஸ்டீஜ் என்பது சூட்டுப்பதம் கொடுத்த குரோம்-மாலிப்டினம் எஃகு. குழாய் நுனியில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இழுக்கப்பட்டது, அதனால் கனம் குறைவு. எஃகுக்கு ஒரு களைப்பு எல்லை உண்டு. அந்த அழுத்தத்துக்குள் இருக்கும்வரை எத்தனை லட்சம் முறை குலுங்கினாலும் விரிசல் தொடங்காது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, கணக்கு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் முப்பது வருடம் ஆன எஃகுச் சட்டத்தைத் தைரியமாக எடுக்கலாம் என்கிறேன், அதே வயது மெல்லிய அலுமினியச் சட்டத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். மெல்லிய நடுப்பகுதி சீக்கிரம் நசுங்கும் என்பது எஃகின் குறை. டாப் குழாயின் நடுவில் விரலை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பின பள்ளமும் விரலுக்குத் தட்டுப்படும்.

ஹப் அதைவிட நல்லது. அந்தத் தலைமுறை எக்ஸ்டி ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்), கப்-கோன் வகை, அதாவது ஹப்பில் உள்ள கப்புக்கும் ஆக்ஸிலில் உள்ள கோனுக்கும் நடுவில் குண்டுகள் உருளும். முன்னால் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு 9 குண்டு, 1/4 அங்குலம். பிரித்து, கழுவி, குண்டை மட்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்து மறுபடி பூட்டினால் தீர்ந்தது. கோனில் குழி விழுந்திருந்தால் கோனை மாற்றலாம். ஹப்புக்குள் இருக்கும் கப்பிலேயே குழி விழுந்திருந்தால் மட்டும் அந்த ஹப்பை மறந்துவிடுங்கள். கோன் இறுக்கும்போது ஒரு நூலளவு ஆட்டம் மிச்சம் வையுங்கள். குயிக் ரிலீஸை இறுக்கும்போது ஆக்ஸில் அமுங்கி அந்த ஆட்டம் தானாக மறையும். கையில் ஆட்டமே இல்லாமல் பூட்டினால் வண்டியில் மாட்டிய பிறகு பேரிங் நெரிந்து, சில மாதத்தில் கோன் போய்விடும்.

தம்ப் ஷிஃப்டர் பற்றிச் சொல்லப்படும் புகழில் பொய்யே இல்லை. உள்ளே உள்ள உருப்படிகள் கொஞ்சம். க்ளிக் தவறினால் வளையத்தைத் திருப்பி, க்ளிக் இல்லாத உராய்வு முறைக்கு மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். அதே காலத்து ராபிட்ஃபயர் (இரண்டு லீவரை அழுத்தும் வகை) ஷிஃப்டர்களில் உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்து பசையாகிவிடும். பற்கொக்கி ஒட்டிக்கொண்டு, லீவர் வெறுமனே சுற்றும். பெரும்பாலும் உடைசல் இல்லை. மூடியைத் திறந்து, கரைப்பான் தெளித்து, லீவரை நூறு தடவை அசைத்து, பழைய பசை வழிந்து போன பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்கள். தடித்த கிரீஸ் வைத்தால் மறுபடி அதே நோய்தான்.

உதிரிப் பாகம் இன்னும் கிடைப்பதும் தரத்தோடு சேர்த்தி. பாட்டம் பிராக்கெட் (க்ராங்க் சுழலும் பேரிங்) கூடு 68 அல்லது 73 மி.மீ., ஆங்கில மரை. சதுர முனை கார்ட்ரிட்ஜ் இன்றும் புதிதாக வருகிறது. செயின் பக்கத்துக் கப் இடமரை என்பதை மறந்து வலமாக முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய. 7, 8 கியர் செயினும் கேசட்டும் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) தாராளம். க்ராங்க் போல்ட்டை 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். தளர்ந்த க்ராங்கை அப்படியே மிதித்தால் சதுரத் துளை உருண்டு, க்ராங்கே வீண்.

இனி ஏக்கம்.

அந்தக் காலத்து சஸ்பென்ஷன் ஃபோர்க். ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க்குகள் வந்தபோது அது பெரிய தாவல், மறுக்கவில்லை. 1990இல் டுராங்கோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இறக்கப் போட்டியை கிரெக் ஹெர்போல்ட் வென்றது அப்படி ஒரு ஃபோர்க்கோடுதான். ஆனால் ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டோமர் கட்டை வைத்த ஃபோர்க்குகள் இன்று உள்ளே மாவாகவோ பிசினாகவோ மாறியிருக்கும். குளிரில் கட்டை இறுகி அசையாது. சீல் கிடைப்பது கஷ்டம். அலமாரியில் வைக்கலாம், பாறை இறக்கத்துக்கு வேண்டாம்.

அலுமினிய முடிச்சுகளில் கார்பன் குழாயைப் பசை வைத்து ஒட்டிய சட்டங்களும் இந்தப் பட்டியல்தான். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், ஒட்டு விட்டுக்கொடுக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது.

ஊதா, தங்க நிறத்தில் வண்ணமேற்றிய சிஎன்சி (கணினி இயந்திரத்தில் குடைந்த) பாகங்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். கனம் குறைக்கச் செதுக்கிய க்ராங்க், பிரேக் கை, ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் கை). அடித்துச் செய்ததைப் போல உலோகத்தின் இழை இவற்றில் வடிவத்தோடு ஓடாது, கூர்மையான உள்மூலைகளில் விரிசல் விடும். சேகரிப்பவர்கள் அடித்துக்கொண்டு தேடுவது இவற்றைத்தான். ஏக்கமும் தரமும் எதிரெதிர்த் திசையில் போகும் இடம் இதைவிடத் தெளிவாக வேறு இல்லை.

வாங்குமுன் சோதனை: வண்டியைக் கவிழ்த்து, டவுன் குழாயின் (முன்னாலிருந்து பெடல் நோக்கி இறங்கும் குழாய்) அடிப்பக்கம், ஹெட் குழாயை (ஃபோர்க் நுழையும் குழாய்) ஒட்டிய 5 செ.மீ. தூரத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் குறுக்காக ஒரு சுருக்கமோ வீக்கமோ இருந்தால் முன்பக்கம் எதிலோ மோதியிருக்கிறது. அடுத்து செயின் பக்கத்து செயின்ஸ்டே (பெடல் பகுதியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்), பாட்டம் பிராக்கெட்டோடு சேரும் இடம். பிறகு சீட் குழாயின் பிளவு முடியும் துளை. க்ராங்கில் பெடல் மரையைச் சுற்றியும், கையும் பல்சக்கரத் தாங்கியும் சேரும் மூலையிலும் நகக்கீறல் போல ஒரு கோடு தெரிந்தால் அது கீறலா விரிசலா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகும் கறுப்பு திரும்பத் திரும்பக் கசிந்தால் விரிசல்.

சட்டம் நேராக இருக்கிறதா என்பதற்கு ஒரு நூல் போதும். பின் டிராப்அவுட் ஒன்றில் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி, மற்ற டிராப்அவுட்டுக்கு விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரத்தை அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் சரி.

ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் பழைய அலுமினியம் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும், காட்டில் ஓட்டும் வண்டியில் மாற்றிவிடுங்கள். அவை சொல்லிவிட்டு உடைவதில்லை.

பாகைமானி:

சட்டத்தின் உலோகத்தைப் பற்றி கோன்ஸ்பேனர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த உலோகம் எந்த வடிவத்தில் நிற்கிறது என்பதுதான் இறக்கத்தில் உங்களைக் காப்பாற்றும் அல்லது கவிழ்க்கும்.

1991 வாக்கில் பெரும்பாலான போட்டி வகைச் சட்டங்கள் ஹெட் குழாய் தரையோடு 71 பாகை, சீட் குழாய் 73 பாகை. ஸ்டெம் 130 முதல் 150 மி.மீ., ஹேண்டில்பார் 560 மி.மீ. பக்கம். இன்றைய டிரெயில் (காட்டுத் தட) வண்டி ஹெட் 64 முதல் 66 பாகை, ஸ்டெம் 35 முதல் 50, பார் 760 முதல் 800. இந்த வித்தியாசத்தை எந்த எஃகும் ஈடுகட்டாது. செங்குத்து இறக்கத்தில் பழைய வண்டியின் முன்சக்கரம் உங்கள் கைக்கு நேர் கீழே வந்துவிடும். வேர் ஒன்று தடுத்தால் வண்டி நிற்கும், உடம்பு நிற்காது.

ஆனால் இது திறமைக் குறைவால் வந்த வடிவம் இல்லை. கலிபோர்னியாவின் மெரின் கவுண்டியில் 1976இல் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியபோது ஓட்டியது பழைய பலூன் டயர் க்ரூசர்களை. ஜோ ப்ரீஸ் 1977இல் இதற்கென்றே செய்த சட்டங்களும், 1981இல் வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பரும் ஹெட் கோணம் சாய்ந்த, வீல்பேஸ் நீண்ட வண்டிகள்தான். பிறகு போட்டிகளில் ஏற்றம் முக்கியமானது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காமல் இருக்க எடையை முன்னால் தள்ளினார்கள், கோணத்தை நிமிர்த்தினார்கள், பின்பக்கத்தைச் சுருக்கினார்கள். நீங்கள் பார்க்கும் 1991 வண்டி அந்தப் போக்கின் உச்சம். அதனால் "பழசு என்றாலே நிமிர்ந்த கோணம்" என்பதும் தப்பு. 1984 வண்டி ஒன்று இறக்கத்தில் உங்கள் 1991 வண்டியைவிட நிதானமாக இருக்க வாய்ப்புண்டு, ஏற்றத்தில் பின்தங்கும்.

71 பாகை எங்கே வெல்லும்? மரங்களுக்கு நடுவில் நெளியும் ஒற்றைத் தடம், மணிக்கு 10 முதல் 18 கி.மீ. வேகம், அடிக்கடி திருப்பம், குறுகிய ஏற்றங்கள். அங்கே முன்சக்கரம் நினைத்த கணத்தில் திரும்பும். நீளமான புது வண்டியை அதே தடத்தில் உடம்பால் சாய்த்துச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருக்கும். அந்த உயிர்ப்பை ஏக்கம் என்று ஒதுக்க மாட்டேன், அளந்து காட்டக்கூடிய குணம் அது. சரளை நேர்ப்பாதையிலும் குறையில்லை. பாறை இறக்கம்தான் இடறும்.

மாற்ற நினைத்தால், 140 ஸ்டெம்மை எடுத்துவிட்டு 80 அல்லது 90 போடுங்கள், பார் 700 முதல் 740 வரை. மரை ஹெட்செட் என்பதால் முதலில் ஒரு குவில் அடாப்டர் (பழைய ஃபோர்க்குக்குள் இறங்கிப் புது வகை ஸ்டெம்மைத் தாங்கும் தண்டு) வேண்டும். 1⅛ அங்குல மரை ஃபோர்க்குக்குள் நுழைவது 25.4 மி.மீ. தண்டு, 22.2 இல்லை. அது 1 அங்குலத்துக்கு உரியது. குறைந்தபட்ச நுழைவுக் கோடு உள்ளே மறைய வேண்டும், ஆப்புக்கு கிரீஸ் வைக்க வேண்டும். புது வண்டியைப் பார்த்து 35 மி.மீ. ஸ்டெம் மாட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து டாப் குழாய் நீண்ட ஸ்டெம்மைக் கணக்கில் வைத்துக் குட்டையாக வெட்டப்பட்டது. முழங்கால் பாரில் இடிக்கும், முன்சக்கரத்தில் எடை இல்லாமல் ஏற்றத்தில் அலையும்.

இறக்கத்துக்கு முன் சீட்டை 5 முதல் 8 செ.மீ. இறக்கிவிடுங்கள். அப்போதே இதற்குத் தீர்வு இருந்தது. சீட் குயிக் ரிலீஸ் வைத்ததே இதற்காகத்தான். ஹைட்-ரைட் என்ற ஸ்பிரிங்கும் வந்தது, குயிக் ரிலீஸைத் தளர்த்தினால் சீட்டைத் தானே பழைய உயரத்துக்கு ஏற்றிவிடும்.

கரடுமுரடு:

ஸ்டீல் ஃபீல், ஸ்டீல் ஃபீல்னு எல்லாரும் சொல்றதுல பாதிக்கு மேல டயர் காத்துங்க.

முக்கோண சட்டம் மேல இருந்து அமுக்குனா வளையுறது ரொம்ப ரொம்ப கொஞ்சம். டயர் அதைவிட பல மடங்கு அமுங்கும். கொஞ்சம் வளையுற இடம்னா அந்த மெல்லிசு எஃகு ஃபோர்க், அதுவும் முன்னும் பின்னும்தான். அதை ஒத்துக்கறேன். மத்தபடி குழாய் மெல்லிசுங்கறதால பெடல் அழுத்தத்துக்கு பக்கவாட்டுல கொஞ்சம் குடுக்கும், அதை சில பேரு "உயிரோட்டம்"ங்கறாங்க.

சோதிச்சுப் பாக்கணும்னா ரெண்டு வண்டியிலயும் ஒரே டயர், ஒரே காத்து வெச்சு ஓட்டுங்க. அப்புறம் பேசலாம். நெறைய பேரு பழைய வண்டியில காஞ்சுபோன 1.95 டயர்ல 50 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சு ஓட்டிட்டு "பழசு குலுக்குது"ன்னு சொல்றாங்க. அதுவும் நியாயம் இல்ல.

70 கிலோ ஆளுக்கு, ட்யூப் வெச்ச 2.1 இல்லன்னா 2.25 டயருக்கு, முன்னாடி 24–26, பின்னாடி 28–30 பிஎஸ்ஐல ஆரம்பிங்க. பாறையில ரிம் தட்டுற சத்தம் கேட்டா 2 ஏத்துங்க. அதுக்கும் கீழ போனா ட்யூப்ல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். டயர் அளவு 559 (26 அங்குல ரிம்ல டயர் உக்கார்ற விட்டம், மி.மீ.ல), சைடுல அச்சு இருக்கும், பாத்து வாங்குங்க. மாட்டுனதுக்கு அப்புறம் செயின்ஸ்டேக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் 5 மி.மீ. இருக்கணும். இல்லன்னா சேறும் கல்லும் மாட்டி பெயிண்ட்டோட எஃகையே அரைச்சுடும்.

பழைய ரிம்ல டேப் ஒட்டி ட்யூப்லெஸ் பண்ணாதீங்க. டயர் விளிம்பை புடிச்சு நிறுத்துற மேடு அந்த ரிம்ல கெடையாது. சாஞ்சு திரும்பும்போது காத்து ஒரேயடியா கக்கிடும்.

இந்த வண்டியில முதல்ல மாத்த வேண்டியது ரெண்டுதான். டயர், பிரேக் கட்டை. ரப்பர்ல முப்பது வருஷத்துல நடந்த முன்னேற்றத்தை 1991 சட்டத்துக்கு அப்படியே குடுக்கலாம், ஒரு மாத்தமும் தேவையில்ல.

மேட்டுப்பாதை:

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். நூல் சோதனையில் வித்தியாசம் 1 மி.மீ. டவுன் குழாயில் சுருக்கம் இல்லை. சீட்போஸ்ட்டில் 26.8 என்று அச்சு இருக்கிறது, ஆனால் போஸ்ட் அசையவே இல்லை. சீட்டை இறக்க முடியாவிட்டால் பாகைமானி சொன்ன இறக்க வித்தை நடக்காது. இதைக் காரணமாக வைத்து வண்டியை விட்டுவிடலாமா?

பிரேக்கும் பயமாக இருக்கிறது. லீவரை முழுதாக அழுத்தினாலும் கடைசியில்தான் பிடிக்கிறது. வி-பிரேக் (நீண்ட கைகளை வயர் நேரே பக்கவாட்டில் இழுக்கும் ரிம் பிரேக்) மாட்டிவிடலாமா? ஃபோர்க் கேள்விக்கும் யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

கோன்ஸ்பேனர்:

போஸ்ட் அலுமினியம், குழாய் எஃகு. இடையில் நீர் இறங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஊதி, பூட்டிக்கொண்டது. பொறுமை இருந்தால் பெரும்பாலும் வரும். ஆனால் அது வந்த பிறகு உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்காமல் பேரத்தை முடிக்காதீர்கள்.

கிளாம்ப் போல்ட்டை முழுக்கக் கழற்றிவிடுங்கள். மேலே பிளவு வழியாகத் துளைத்துச் செல்லும் எண்ணெய் விடுங்கள். பாட்டம் பிராக்கெட்டைக் கழற்ற முடிந்தால் வண்டியைக் கவிழ்த்து, கீழிருந்து சீட் குழாய்க்குள்ளும் விடுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று நான்கு முறை.

பிறகு முறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பழைய சீட்டைப் போஸ்ட்டில் பூட்டி அதையே கைப்பிடியாக வைத்து இடவலமாக அசையுங்கள். அதற்கு மசியாவிட்டால், மேசையில் உறுதியாகப் பூட்டிய வைஸில் போஸ்ட்டின் தலையைக் கடித்துப் பிடித்து, சட்டம் முழுவதையும் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுங்கள். சட்டத்தின் குழாயை வைஸில் வைக்கவே கூடாது. பிரெஸ்டீஜ் சுவர் நசுங்கிவிடும்.

சூடு பற்றி ஒரு குழப்பம் உண்டு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே சூடாக்கினால் போஸ்ட் இன்னும் இறுகும். குளிர்விப்பதுதான் சரி. போஸ்ட்டின் உட்குழியில் ஐஸ் நிரப்பியோ குளிர்த் தெளிப்பான் அடித்தோ, சுருங்கிய உடனே முறுக்குங்கள்.

இதெல்லாம் தோற்றால், சட்டத்துக்கு மேலே 3 செ.மீ. விட்டுப் போஸ்ட்டை அறுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் கோடு அறுக்க வேண்டும். சுவர் முடியும் இடம் நெருங்கும்போது அடிக்கொருதரம் நின்று பாருங்கள், எஃகைத் தொட்டுவிடக் கூடாது. பிறகு பிளந்த விளிம்பை உள்பக்கமாக மடக்கி உருவலாம். காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றிப் போஸ்ட்டைக் கரைப்பவர்களும் உண்டு. எஃகை அது தொடாது, ஆனால் பெயிண்டை உரித்துவிடும், கொதிக்கும், ஹைட்ரஜன் வெளிவரும். திறந்த வெளி, கண்ணாடி, நீளக் கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். அலுமினியச் சட்டத்தில் இதைச் செய்தால் சட்டமே கரையும்.

வந்த பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்புப் பொடி மட்டும் என்றால் கம்பி பிரஷால் தேய்த்து, மெழுகு கலந்த துருத் தடுப்பானைக் குழாய்களுக்குள் தெளித்து, சட்டத்தை எல்லாப் பக்கமும் சுழற்றி வடிய விடுங்கள். தகடு தகடாக உரிந்தால், அல்லது பாட்டம் பிராக்கெட் கூட்டின் அடியில் ஸ்க்ரூடிரைவர் நுனி அமுங்கினால், அந்த வண்டி வேண்டாம். பாட்டம் பிராக்கெட் கூட்டில் நீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே நீர் தங்குவது அங்கேதான்.

புதுப் போஸ்ட் 26.8தான். 26.6 போட்டால் பிளவில் ஆடி, கிளாம்ப் கழுத்து கிழியும்.

பழையதடம்:

பிரேக்குக்கு வருகிறேன். வி-பிரேக் மாட்டலாம், ஆனால் லீவரையும் சேர்த்து மாற்றினால் மட்டும். வி-பிரேக்குக்கு கேன்டிலீவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வயர் இழுக்க வேண்டும். பழைய லீவரில் அதை மாட்டினால் கட்டை ரிம்மைத் தொடுமுன் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். வி-பிரேக் லீவரில் கேன்டிலீவர் மாட்டினால் கல் மாதிரி இருக்கும், பிடிக்காது.

அதற்கு முன்னால் இருப்பதையே ஒழுங்காகப் பூட்டிப் பாருங்கள். "கேன்டிலீவர் பிடிக்காது" என்ற பெயர் பெரும்பாலும் தப்பாகப் பூட்டியதால் வந்தது. புது வயர், புது அவுட்டர். பிரேக்குக்கு பிரேக் அவுட்டரே வேண்டும், சுருள் கம்பி உள்ளது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அழுத்தத்தில் வெடித்துவிடும். பிரேக் கைகளைக் கழற்றி, தண்டில் உள்ள துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து, ஸ்பிரிங் நுனியை இரண்டு பக்கமும் ஒரே துளையில், வழக்கமாக நடுத்துளையில், செருகுங்கள்.

கட்டையை ரிம்முக்கு நேராக வைத்து, முன்நுனி 1 மி.மீ. முன்னதாகத் தொடும்படி சாய்த்து இறுக்குங்கள், கீச்சொலி நிற்கும். தேயத் தேய கேன்டிலீவர் கட்டை கீழே சரிந்து ரிம்முக்கு அடியில் போகப் பார்க்கும். அதனால் ரிம்மில் கொஞ்சம் மேலாகவே வையுங்கள், டயரைத் தொடாமல். 80களின் நடுவில் சில வண்டிகளில் செயின்ஸ்டேக்கு அடியில் யு-பிரேக் வரும். அதில் இது தலைகீழ், கட்டை மேலே ஏறி டயர்ச் சுவரை அறுக்கும்.

முக்கியமானது இரண்டு பிரேக் கைகளையும் இணைக்கும் குறுக்கு வயர். அதை ரொம்ப உயரத்தில் இழுத்துக் கட்டினால் லீவர் கெட்டியாக இருக்கும், பலம் இருக்காது. கீழே இறக்க இறக்க பலம் கூடும், ஆனால் கட்டையை ரிம்முக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். டயருக்கு மேல் 2 முதல் 3 செ.மீ. விடுங்கள். மெயின் வயர் அறுந்தால் குறுக்கு வயர் டயரில் சிக்கி முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதனால் முன்னால் ரிஃப்ளெக்டர் தாங்கியோ மட்கார்டோ இருந்தால் கழற்றாதீர்கள்.

ரிம் பக்கச் சுவரில் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. சுவர் 1 மி.மீ.க்குக் கீழே போன ரிம் காற்றழுத்தத்திலேயே பிளக்கும்.

இவ்வளவு செய்த பிறகு உலர்ந்த தடத்தில் குறையே சொல்ல மாட்டீர்கள். ஈரச் சேற்றில் டிஸ்க் பிரேக்கோடு போட்டி போட எந்த ரிம் பிரேக்காலும் முடியாது. இதில் ஏக்கத்துக்கு இடமே இல்லை, டிஸ்க் ஜெயித்துவிட்டது.

ஃபோர்க்: போடாதீர்கள் என்பதுதான் என் பதில். முடியாது என்பதால் இல்லை. 1⅛ ஹெட் குழாயில் மரையில்லா ஹெட்செட் அப்படியே உட்காரும், இரண்டுக்கும் உள்விட்டம் ஒன்றுதான். ஆனால் உங்கள் ஃபோர்க்கின் ஆக்ஸில் மையத்திலிருந்து கிரவுன் ரேஸ் (ஹெட்செட்டின் அடி வளையம்) அமரும் இடம்வரை அளங்கள். 390 முதல் 410 மி.மீ. வரும். 80 மி.மீ. அசைவு உள்ள 26 அங்குல ஃபோர்க் சுமார் 450. ஒவ்வொரு 20 மி.மீ. உயர்வுக்கும் ஹெட் கோணம் ஏறத்தாழ 1 பாகை சாயும், சீட் கோணமும் கூடவே சாயும், பாட்டம் பிராக்கெட் உயரும். 71 என்பது 68, 69 ஆகும்போது இறக்கம் நிதானமாகும் என்று தோன்றும். ஆனால் சீட் பின்னால் போய் ஏற்றம் கெடும், திருப்பத்தில் உயரமாக உட்கார்ந்திருப்பீர்கள். அதோடு, நீண்ட ஃபோர்க் நெம்புகோல் மாதிரி ஹெட் குழாய் மூட்டை நெம்பும். டவுன் குழாயில் சுருக்கம் விழும் என்று கோன்ஸ்பேனர் மேலே சொன்னாரே, அதே இடம். 1991 சட்டம் அந்தச் சுமைக்காகச் செய்ததில்லை.

நேரான பேச்சு: பாறை இறக்கம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த வண்டி வேண்டாம், புதியதை எடுங்கள். தடமும் சரளையும் முக்கியம், பாறை எப்போதாவது என்றால் எடுங்கள், எஃகு ஃபோர்க்கோடே ஓட்டுங்கள்.

கியரைப் பின்னால் மாற்ற நினைத்தால், 7 கியர் ஃப்ரீஹப் உடலில் (கேசட் ஏறும் உருளை) 8 கியர் கேசட் ஏறாது. உடலை மட்டும் மாற்றலாம், பெரும்பாலும் 10 மி.மீ. ஆலன் கீயால் கழலும், ஆனால் ஆக்ஸில் இடைவளையங்களையும் மாற்றி, வீலை மறுபடி மையப்படுத்தி கோட்டம் எடுக்க வேண்டும். 8 கியர் உடலில் 7 கியர் கேசட் போட 4.5 மி.மீ. வளையம் ஒன்று போதும். ஷிமானோவின் 9 கியர் வரையிலான மவுண்டன் பின் டெரெய்லர் (செயினை நகர்த்தும் பாகம்), ரோடு ஷிஃப்டர் இரண்டுக்கும் வயர் இழுப்புக் கணக்கு ஒன்றே, பழைய டியூரா-ஏஸ் மட்டும் விலக்கு. பிற்காலத்தில் டிராப் பார் (கீழே வளைந்த ரோடு பைக் ஹேண்டில்பார்) மாட்ட ஆசை வந்தால் இது உதவும். ரோடு பிரேக் லீவர் கேன்டிலீவரோடு ஒத்துப்போகும், வி-பிரேக்கோடு ஒத்துப்போகாது. அதற்காகவே பழைய பிரேக் கைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வாஷர், ஸ்பிரிங், நட்டோடு தனித்தனிப் பையில் போட்டு, இடமா வலமா என்று எழுதி வையுங்கள். கேன்டிலீவர் ஸ்பிரிங் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சுருளும் திசை வேறு. மாற்றிப் பூட்டினால் கட்டை ரிம்மை விட்டு விலகவே விலகாது.